கடலுக்குள் நின்ற தெரு

எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலப் புயல், கனகசெட்டிக்குளம் என்ற மீனவ ஊரின் கரையோரத் தெரு ஒன்றை மண்ணோடு வாரிக்கொண்டு போனது. மேற்கே சுவர் இடிந்தவர்களுக்கு வெளிநாட்டு நிதியில் வீடு கட்டித்தர ஏற்பாடானது. தெருவையே இழந்தவர்களுக்கு மட்டும் இல்லை. மனையைக் காட்டினால்தான் இழப்பைக் கணக்கில் எடுக்க முடியும் என்று நிவாரண அதிகாரி கையை விரித்துவிட்டார்.

நிதி கொடுத்த அமைப்பிலிருந்து லம்பேர் என்றொரு பிரெஞ்சுக்காரர் பார்வையிட வந்தார். முத்தியால்பேட்டையில் குடியிருந்த பிரெஞ்சு ஆசிரியை கமலவேணியை மொழிபெயர்க்க ஜீப் அனுப்பி அழைத்துப் போனார்கள். இடிந்த வீடுகளைப் பார்த்து முடித்து ஜீப் திரும்பும் நேரத்தில் ஒரு பெண் குறுக்கே வந்து நின்றாள். குஞ்சம்மாள். கமலவேணியின் தெருவில் கூடையில் மீன் விற்பவள்.

"ஏம்மா, நீயா? எங்க தெருவையும் பாத்துட்டுப் போவச் சொல்லும்மா."

"அங்க என்னா இருக்குது? தண்ணிதான இருக்குது" என்றார் அதிகாரி.

"அந்தத் தண்ணியத்தான் பாக்கச் சொல்றேன்."

கமலவேணி அதை அப்படியே பிரெஞ்சில் சொன்னாள். லம்பேர் ஜீப்பிலிருந்து இறங்கினார்.

அன்று கடல் குளம்போலக் கிடந்தது. குஞ்சம்மாள் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தாள். இடுப்பளவு ஆழத்தில் நின்று திரும்பினாள்.

"இதான் என் வாசப்படி!"

அவளுக்குப் பக்கத்துவீட்டு அம்மாவாசை, தோளில் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினான். அவன் பின்னால் அவன் பெண்சாதி. பிறகு யாரும் யாரையும் கூப்பிடவில்லை. கிழவர்கள், கர்ப்பிணி ஒருத்தி, கைக்குழந்தைக்காரிகள் என்று ஒவ்வொரு குடும்பமாக இறங்கி, அவரவர் வீடு இருந்த இடத்தில் போய் நின்றார்கள். இந்தப் பக்கம் ஒரு வரிசை, எதிரே ஒரு வரிசை, நடுவில் நீளமாய் ஒரு சந்து. அதில் அலைகள் மெல்லப் போய்வந்துகொண்டிருந்தன.

வெறும் நீராய்க் கிடந்த இடத்தில் ஒரு தெரு எழுந்து நின்றது. வாசல் எது, முனை எது, யார் யாருக்கு அண்டைவீடு என்று கமலவேணியால் சொல்ல முடிந்தது.

எதிர்வரிசையில் ஓரிடம் மட்டும் காலியாக இருந்தது.

"அங்க ஏன் யாரும் நிக்கல?" என்று கரையிலிருந்து கேட்டாள் கமலவேணி.

"அது முருகையன் வூடும்மா" என்றாள் குஞ்சம்மாள். "நிக்கறதுக்கு அந்த வூட்ல யாரும் மிச்சமில்ல."

கமலவேணி அதைப் பிரெஞ்சில் சொன்னதும் லம்பேர் காலணிகளைக் கழற்றி வைத்துவிட்டு அவளோடு கடலில் இறங்கினார். வீடு வீடாக நின்று பெயர் கேட்டார். முருகையன் வீடு வந்ததும், அங்கே இன்னும் சுவர் இருப்பதுபோலச் சுற்றிக்கொண்டு போனார்.

கரையேறிய பின் அவர் கடலைக் காட்டினார். ஆலைப் புகையால் பூமி சூடேறுகிறது, கடல் இன்னும் உயரலாம் என்று தன் நாட்டு விஞ்ஞானிகள் பேச ஆரம்பித்திருப்பதாகத் தயங்கிச் சொன்னார். இந்தப் புயல் அதனால் வந்ததா என்று தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். கமலவேணி அதைத் தமிழில் சொன்னாள்.

குஞ்சம்மாள் முந்தானையைப் பிழிந்துகொண்டே கேட்டாள். "அப்டின்னா நாளைக்கி அவங்க வுட்ட பொகைக்கி நாங்க தண்ணியில நிக்கணுமா? அவருகிட்ட சொல்லும்மா. நாங்க தர்மம் கேக்கல. கடல்ல போன ஆளு திரும்பலன்னாலும் அவன் வூட்டுக்கு மீன்ல பங்கு வெக்கிற ஊரு இது. எங்களுக்கு வர வேண்டிய பங்கத்தான் கேக்கறோம்."

தானத்துக்கும் உதவிக்கும் பிரெஞ்சுச் சொற்கள் கமலவேணியின் நாக்கு நுனியில் இருந்தன. இரண்டையும் ஒதுக்கினாள். பங்கு என்றே சொன்னாள். அது போதாதென்று, உரிமை என்றும் சேர்த்துக்கொண்டாள். லம்பேர் தலைகுனிந்து கேட்டார்.

மனை காட்ட வேண்டும் என்ற விதி, லம்பேரின் அறிக்கைக்குப் பின் நீக்கப்பட்டது. மறுவருடம் மழைக்கு முன்பே, சாலைக்கு மேற்கே மேட்டில் அந்தத் தெருக்காரர்களுக்கும் வீடுகள் எழும்பின. புயலில் போன படகுக்கும் வலைக்கும் மட்டும் நிதியில் இடமில்லை என்று பதில் வந்தது.

ஒருநாள் காலை குஞ்சம்மாள் மீன்கூடையைக் கமலவேணி வீட்டு வாசலில் இறக்கினாள்.

"வூடு வந்துருச்சும்மா. வலைக்கிப் பேசணும். வெள்ளிக்கிழம ஊரு கூடுது. வர்றியா?"

"வர்றேன்" என்றாள் கமலவேணி.

வெள்ளிக்கிழமை, யாரும் ஜீப் அனுப்பாமலே, அவள் பஸ் ஏறிப் போனாள்.