பிராண்டுர் வீட்டுக்கு ஏறிப்போன தண்ணீர்

ஐஸ்லாந்தின் மேற்குக் கோடியில், கால்டேரி துறைமுகத்து மீன்மாவு ஆலையின் முற்றத்துத் தண்ணீர், தன்னை வடிகட்டாமல் கடலுக்கு அவிழ்த்துவிடுகிறவர் வீட்டுக்குத்தான் போகும். வீடு மேட்டில் இருந்தால் ஏறிப் போகும். கேப்பலின் மீன் அள்ள அள்ளக் கிடைத்த அந்த மார்ச் மாதம் வரை இது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை.

முற்றத்தில் பெய்யும் மழையும் உருகும் பனியும் மீன்கொழுப்பு, டீசல், துரு எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு, ஐந்து வடிகால் வாய்கள் வழியாக எண்ணெய் பிரிக்கும் தொட்டிக்குப் போகும். தெளிந்த பிறகே கடலில் சேரும். இதைப் பார்த்துக்கொண்டவள் யோருன். எதிரே உள்ள தீவில் ஈடர் வாத்துகள் கூட்டில் விட்டுப்போகும் மென்தூவியைச் சேகரிப்பதும் அவள்தான். காசளவு எண்ணெய் சிறகில் பட்டால் போதும், அந்த வாத்து குளிரில் விறைத்துச் சாகும். மார்ச்சில் அவை தீவேறும் முன் துறைமுகத்துக்குள்ளேயே கூட்டங்கூட்டமாக மிதக்கும்.

குளிர்காலம் தொடங்கும்போது வடிகால் வாய்களைப் பழைய மீன்தொட்டி மூடிகளால் மூடிவிடுவார்கள். உள்ளே பனி புகுந்து உறையாது. பனியை உருக்கும் தெற்குக் காற்று அடிக்கத் தொடங்குமுன் எடுத்துவிட வேண்டும். அந்த வருஷம் படகுகள் வரிசைகட்டி நின்றன. துறையைக் காலியாக வைக்க, ஆலை மேலாளரான பிராண்டுர், யோருனின் அண்ணன், பனியை முழுக்க மூடிகள் மேலேயே குவிக்கச் சொன்னான். பனி வண்டி ஓட்டும் ஸ்டைனார் ஆள் உயரத்துக்குக் குவித்தான். ஒரு மத்தியானம் தெற்குக் காற்று சொல்லாமல் வந்தது. மழையும் சேர்ந்துகொண்டது. முற்றம் குளமாகி, கறுத்த தண்ணீர் இயந்திரக்கூடத்து வாசலைத் தொட்டது.

“மூடி மேல கொட்டச் சொன்னது நீதான? இப்ப என்னை ஏன் முறைக்கிற?” என்றான் ஸ்டைனார்.

யோருன் மண்வெட்டியோடு குவியலில் ஏறியிருந்தாள். “பிராண்டுர், ஒரு மணி நேரம் குடு. ரெண்டு மூடியாவது எடுத்துடறேன்.”

“ஒரு மணி நேரத்துல மோட்டாரெல்லாம் நீச்சல் கத்துக்கும். உன் வாத்துங்களைக் கொஞ்சம் தள்ளிப் போகச் சொல்லு.”

“நீயே சொல்லு. வீட்டுல உன் பேச்சை யாரும் கேக்குறதில்ல, அதுங்களாவது கேக்குதான்னு பாப்போம்.”

பிராண்டுர் கடப்பாரையை எடுத்துத் துறைவிளிம்புச் சுவரை உடைத்தான். தண்ணீர் கடலை நோக்கிப் பாய்ந்தது. கீழே வாத்துகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. விளிம்பைத் தொட்ட தண்ணீர், சில்லென்ற குளத்தில் கால் வைத்தவர் போலச் சட்டென்று பின்வாங்கியது. பிறகு திரும்பி, சாலையைக் கடந்து, தேவாலயத்தைச் சுற்றிக்கொண்டு மேட்டில் ஏறி, பிராண்டுர் வீட்டுக் கதவிடுக்கு வழியாக உள்ளே போய் உட்கார்ந்தது. ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. ஜன்னல் உயரத்துக்கு நின்றது, மேலே எண்ணெய் மினுங்கியது, சோபா மிதந்தது.

பம்பு போட்டார்கள். இறைத்த தண்ணீர் சமையலறைக் குழாய் வழியாகத் திரும்பி வந்தது. அதற்குள் எல்லாவற்றையும் உறைய வைக்கும் வடக்குக் காற்று வீசத் தொடங்கியது. உறைந்தால் பனிக்கட்டி உப்பி வீடு பிளந்துவிடும் என்று ஊர்ப் பொது வெந்நீர்க்குளத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் உட்பட எல்லோரும் சொன்னார்கள். ஜன்னல் சட்டம் ஒன்று முறிந்தது. யோருன் தன் மண்வெட்டியை அண்ணனிடம் நீட்டினாள்.

“நீ மூடினது. நீயே தெற.”

உதவ வந்த ஸ்டைனாரையும் அவள் தடுத்துவிட்டாள். இறுகிப்போன பனியைப் பிராண்டுர் தனியாக வெட்டினான், கை கிழிந்தது. நான்கு மூடிகள் எடுத்தும் தண்ணீர் அசையவில்லை. ஐந்தாவதைப் பெயர்த்ததும், செப்டம்பரில் மலையிலிருந்து இறங்கும் ஆடுகளைப் போல அது வரிசையாக இறங்கி வந்து, அவன் கால்களை உரசிக்கொண்டு தொட்டிக்குள் போனது. வாத்துகள் மறுபடி தலையைச் சிறகுக்குள் வைத்துக்கொண்டன.

அதற்குப் பிறகு மூடிகள் மேல் யாரும் பனி கொட்டுவதில்லை. ஒரு குவளையளவு தண்ணீர் மட்டும் பிராண்டுர் வீட்டு வாசற்படியிலேயே தங்கிவிட்டது. ஜனவரியிலும் அது உறைவதில்லை. அவன் மனைவி அதைச் சுற்றித் துடைக்கிறாள், தபால்காரர் தாண்டிப் போகிறார், காபி குடிக்க வரும் யோருன் தன் பூட்ஸைக் கழற்றி அதன் பக்கத்தில் வைக்கிறாள். தெற்குக் காற்றுக்கு முந்தின நாள் அது லேசாக நடுங்கும். பிராண்டுர் உடனே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குக் கிளம்பிவிடுவான்.