நாற்பத்தெட்டு எண்கள்

ரிப்பேருக்குக் கம்ப்யூட்டர் கொண்டுவருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். "டிஸ்க் பூட்டியிருக்கா? சாவி எண் எங்க?" பதில் வராவிட்டால் திருப்புளியைத் தொடவே மாட்டேன். கத்தவும் செய்வேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். அப்படிப்பட்டவள் கூடப்பிறந்த அக்காவிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நம்ம வீட்டு மெஷின்தானே என்ற திமிர்.

அக்கா, பாதம் வளைந்தவர்களுக்கு அளவெடுத்துச் செருப்பு செய்பவள். அறுபத்து மூன்று பேருடைய பாதங்கள் அவள் கம்ப்யூட்டரில் முப்பரிமாணப் படங்களாக இருந்தன. மருத்துவ விவரம் என்பதால் டிஸ்க்கைப் பூட்டியிருந்தாள். நகலும் எடுத்திருந்தாள், அதே பெட்டிக்குள், அதே பூட்டுக்குள்! கெட்டிக்காரி.

படங்களைத் திருப்பிப் பார்க்கவே பழைய மெஷின் திணறியது. சனிக்கிழமை காலை புது மதர்போர்டு, புது புராசஸர், புது மெமரி எல்லாம் போட்டு, பழைய டிஸ்க்கை மாட்டி ஆன் செய்தேன். நீலத் திரை வந்தது. நாற்பத்தெட்டு இலக்கச் சாவியைக் கொடு என்றது.

"அக்கா, சாவி எண்ணை எங்க வச்ச?"

"எந்தச் சாவி?"

நீலத் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

"திங்கட்கிழமை பதினோரு பேர் வர்றாங்கடி. அதுல ஒரு சின்னப் பொண்ணு மூணு பஸ் மாறி வர்றா. திரும்ப அளவெடுக்கணும்னா வலிக்கிற கால்ல அரை மணி நேரம் நிக்கணும்" என்றாள். "நான்தான் மடச்சி, எழுதி வைக்கல."

"நீ இல்ல, நான். கேக்க வேண்டியவ நான், கேக்கல. இதைத் திறக்காம இன்னைக்கு எனக்குச் சோறு இறங்காது."

வழி ஒன்று இருந்தது. பழைய மெஷினில் டிஸ்க்கைத் தானாகத் திறந்துவிட்டது அதன் பாதுகாப்பு மாட்யூல். அது தனிச் சில்லு அல்ல. ரகசியம் பழைய போர்டிலேயே பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் நினைவகத்தில் கிடக்கும். அதைப் படிக்கப் பழைய புராசஸரால் மட்டுமே முடியும். கூட்டு லாக்கர் மாதிரி, இரண்டு பேரும் சேர்ந்து வந்தால்தான் கதவு. புராசஸர் என் மேசை டிராயரில் பத்திரமாக இருந்தது. சிக்கல் போர்டில்தான்.

வெள்ளிக்கிழமையே அதைக் கழற்றி, என் வீட்டுக்காரரின் போர்டு செத்துப்போன மெஷினில் மாட்டிவிட்டு, அவருடைய புராசஸரையே அதில் வைத்துவிட்டு, வேறு வேலைக்கு ஓடியிருந்தேன். வழியில் அவர் ஃபோன். "புது புராசஸர்னு சொல்லுது. பாதுகாப்புப் பதிவை அழிக்கவா, 'ஒய்' எழுத்தா, 'என்' எழுத்தான்னு கேக்குது."

"ஒய்யை அழுத்துங்க. இதுக்கெல்லாமா ஒரு ஃபோன்!"

'ஒய்' என்றால் அழி, 'என்' என்றால் அப்படியே விடு. பழைய ரகசியம் ஒரு நொடியில் காலி. அழுத்தியாச்சா என்று ராத்திரி கேட்டதற்கு ஆமாம் என்றுதான் சொன்னார்.

ஆனாலும் கண்ணால் பார்க்காமல் விடுவதில்லை என்று வீட்டுக்குப் போனேன். அச்சகத்துக்கு மெய்ப்புத் திருத்துவது அவர் வேலை. ஒரு பக்கத்தை முடிக்க முக்கால் மணி நேரம் எடுப்பார். அதற்காகவே தினமும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். தாள்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

"நேத்து நிஜமாவே ஒய்யை அழுத்தினீங்களா?"

கண்ணாடியைக் கழற்றினார். "கத்தாதே."

"சொல்லுங்க!"

"அழுத்தல. நீ ஃபோனை வச்சுட்ட. அதுக்குக் கீழ இன்னும் நாலு வரி இருந்துச்சு, படிச்சேன். பூட்டின டிஸ்க் இருந்தா அப்புறம் சாவி இல்லாம திறக்காதுன்னு போட்டிருந்தது. உங்க அக்கா போர்டாச்சே, எதுக்கு வம்புன்னு 'என்' எழுத்தை அழுத்திட்டேன். உண்மையைச் சொன்னா திட்டுவியேன்னுதான்…"

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். திட்டுகிறவள் அழுவதைப் பார்த்து மனிதர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

இருவருமாகப் போர்டையும் டிராயரில் இருந்த புராசஸரையும் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனோம். பழைய புராசஸரைப் பழைய இடத்தில் வைத்தேன். ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கவில்லை, ஒரு செட்டிங்கைக்கூடத் தொடவில்லை. டிஸ்க்கை மாட்டி ஆன் செய்தேன். புள்ளிகள் சுற்றின, சுற்றின, அக்காவின் கடவுச்சொல்லை மட்டும் கேட்டது. அவள் முதலில் திறந்தது அந்தச் சின்னப் பொண்ணின் இடது பாதத்தை. திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

அடுத்த நிமிடமே சாவி எண்ணைத் திரைக்குக் கொண்டுவந்து, ஆறு ஆறாக எட்டுக் கட்டம், ஒரு தாளில் விறுவிறுவென்று எழுதினேன். "முடிஞ்சுது. புது போர்டை மாட்டலாம்" என்று எழுந்தேன்.

வீட்டுக்காரர் தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். தயங்கித் தயங்கிச் சொன்னார். "நாலாவது கட்டம், மூணாவது எண். திரையில எட்டு. நீ ஆறு போட்டிருக்க."

வழக்கமாக ஏதாவது சொல்லியிருப்பேன். பேனாவை அவரிடம் நீட்டினேன். "நீங்களே எழுதுங்க" என்றேன்.