முடிச்சை அவிழ்க்காமல்

கண்ணகி தண்ணீர் குடித்துவிட்டுச் சொம்பைப் பூமாலையிடம் நீட்டவில்லை. அவளைத் தாண்டி அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவளிடம் கொடுத்தாள். கரும்புக் கொல்லை வரப்பில் எல்லோரும் சோற்றுத் தூக்கைத் திறந்து வைத்திருந்த நேரம். பூமாலை கையை நீட்டியிருந்தாள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் கழுத்துக்குக் கொண்டுபோய்ச் சொறிந்தாள்.

"கோச்சிக்காத பூமால. எல்லாம் புள்ளகுட்டிக்காரிங்க. ஒட்டிக்கினா இன்னா பண்றது? நல்லா ஆனப்புறம் வா."

கச்சிராயபாளையத்தைச் சுற்றிக் கரும்புச் சோகை உரிக்க ஆள் கூட்டிப்போவது கண்ணகிதான். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம். கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்தால் பூமாலைக்குத் திட்டித் தீர்க்கவாவது வழி இருந்திருக்கும்.

அரிப்பு தொடங்கியபோது அதை யாரும் மதிக்கவில்லை, பூமாலை உட்பட. கரும்புக்குள் புகுந்து காய்ந்த தோகையை உரிக்கிறவளுக்கு அரிக்காமல் என்ன செய்யும்? சுணை ஜாக்கெட்டுக்குள் போய்விட்டால் சாயங்காலம் குளிக்கும்வரை பிடுங்கும். ஆனால் இது குளித்த பிறகும் போகவில்லை. கழுத்தின் இரண்டு பக்கமும் சிவப்பாகத் தடித்து, நெஞ்சுக்கு நடுவில் இறங்கி, அங்கே உள்ளங்கை அகலத்துக்குப் பொரிப்பொரியாக நின்றது. சொறிந்தால் நீர் கசிந்தது.

அரிப்பு என்றால் ஊரில் எல்லோரும் டாக்டர். ஒருத்தி குப்பைமேனியை உப்போடு அரைத்துப் பூசச் சொன்னாள். ஒருத்தி வாசச் சோப்பை நிறுத்தச் சொன்னாள். கத்தரிக்காயும் கருவாடும் ஆகாது என்று மாமியார் இருசம்மாள் குழம்பையே மாற்றினாள். ஒரு வாரம் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தும் பார்த்தாயிற்று. மெடிக்கலில் வாங்கிய களிம்புக்கு நாலைந்து நாள் அடங்கி, பிறகு முன்னைவிட மூர்க்கமாக வந்தது.

கண்ணகி வரவேண்டாம் என்று சொன்ன மறுநாள் பூமாலை கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள். தோல் டாக்டர் சின்ன வயசுப் பெண். தடிப்பைத் தொட்டுப் பார்த்தது. பிறகு ஒற்றை விரலால் தாலிக்கயிற்றைத் தூக்கி, அதன் கீழே பார்த்தது. கயிறு போன வழியெல்லாம் தடிப்பும் போயிருந்தது.

"இது தொத்து இல்லம்மா. ஒங்க கழுத்துல கெடக்குற ஏதோ ஒண்ணு ஒங்க தோலுக்கு ஒத்துக்கல. ஊக்கு, குண்டு, கயித்துச் சாயம், எதுவா வேணா இருக்கலாம். எல்லாத்தையும் ஒரு பத்து பதினஞ்சு நாள் கழட்டி வைங்க. ஆறிச்சின்னா அதுதான்."

"தாலியக் கூடவாங்க?"

"வீட்டுக்காரர்கிட்ட கேட்டுக்கிட்டு வேணா கழட்டுங்க."

பூமாலை தலையாட்டினாள். கேட்பதற்கு அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால் அவளும் கேட்டிருப்பாள்.

கொளஞ்சியப்பன் போர்வெல் வண்டியோடு வடக்கே போனவன். சத்தீஸ்கரில் குழாய் இறக்குகிற வேலை. போன பொங்கலுக்கு முந்தின பொங்கலன்று போன் பண்ணினான். அதற்குப் பிறகு போன் போகவில்லை. ஏதோ ஓர் ஊரில் பீடி வாங்க இறங்கியவன் வண்டிக்குத் திரும்பவில்லை என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். அங்கேயும் தேடினார்கள், இங்கேயும் போலீசில் எழுதிக் கொடுத்தாயிற்று. செத்தான் என்றும் தகவல் இல்லை, இருக்கிறான் என்றும் தகவல் இல்லை. அவன் இருக்கிறான் என்பதற்கு அந்த வீட்டில் மிச்சமிருந்த ஒரே அத்தாட்சி பூமாலையின் கழுத்தில் இருந்தது.

டாக்டர் சொன்னதை இருசம்மாளிடம் சொன்னபோது அவள் முறத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"நீ கழட்டுற அன்னிக்கி நான் என் புள்ளைக்குத் தலமுழுவணும். முழுவிடட்டா?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பூமாலைக்கும் அதில் ஒரு ஆறுதல் இருந்தது. கழற்ற அவளுக்கும் பயம்தான்.

அதனால் டாக்டரோடு மனசுக்குள் பேரம் பேசினாள். முதலில் ஊக்குகளை எடுத்தாள். முள் எடுக்க, கொக்கி அறுந்தால் மாட்ட என்று கயிற்றில் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தவை. ஊக்காகத்தான் இருக்கும் என்று அவ்வளவு ஆசைப்பட்டாள். அரிப்பு நிற்கவில்லை. ஆடிப்பெருக்கு வந்தது. அன்றைக்குக் கயிறு மாற்றிக்கொள்வதில் ஒரு குற்றமும் இல்லை, ஊரே மாற்றும். கோமுகி ஆற்றங்கரையில் புதுக் கயிற்றைக் கடையில் வாங்கியபடியே போடாமல், சாயம் போகத் துவைத்து, வீட்டு மஞ்சளை உரசிப் போட்டுக்கொண்டாள். பழைய கயிறு தண்ணீரோடு போனது. குண்டுமணிகளையும் உருவி டப்பாவில் வைத்தாள். இப்போது கழுத்தில் கயிறும் தாலியும் மட்டும்தான்.

தடிப்பு வெடித்து ரத்தம் வந்தது.

துவைக்கிற கல்லில் அவளுடைய ஜாக்கெட்டை விரித்த இருசம்மாள் கறையைப் பார்த்தாள். துவைத்தாள். உலர்த்தினாள். விளக்கு வைத்த பிறகு பூமாலையை எதிரே உட்காரச் சொன்னாள்.

"தலையக் குனி."

"அத்த?"

"குனின்றன்ல."

குனிந்தாள். கிழவியின் கைகள் கயிற்றைத் தலைவழியாக மெல்ல உருவின. காதில் மாட்டியதை விடுவித்தன.

"முடிச்ச அவுக்கல பாரு. கட்டுனது கட்டுனபடி இருக்குது. நாளைக்கி அவன் வந்து கேட்டா சொல்லு."

"எங்க வப்ப அத்த? சாமி படத்தாண்டயா?"

"ஆணியில மாட்டினா ஆறிப்பூடும். ஒடம்புல கெடக்கணும்."

சொல்லிவிட்டு அதைத் தன் தலைவழியாகப் போட்டு ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டாள். கொளஞ்சியப்பன் நடை பழகும் முன்பே தாலி இழந்தவள் இருசம்மாள். அந்தக் கழுத்தில் ஒரு பாசிமணியைக்கூடப் பூமாலை பார்த்ததில்லை. பார்க்கக் கூடாததைப் பார்த்ததுபோல் அவளுக்கு உடம்பு கூசியது. இருசம்மாள் முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துப் போர்த்திக்கொண்டு, சோறு போடட்டுமா என்று கேட்டாள்.

தடிப்பு அடங்கியது. முதலில் கசிவு நின்றது, பிறகு அரிப்பு, பிறகு தோல் உரிந்து பழைய நிறம் வந்தது. பூமாலை எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அசந்து தூங்கினாள். காலையில் எழுந்து, இவ்வளவு நன்றாகத் தூங்கினோமே என்று வெட்கப்பட்டாள். டாக்டருக்கு ஏக சந்தோஷம்.

"பாத்தீங்களா, கண்டுபுடிச்சிட்டோம். தங்கம்னு சொன்னாலும் உள்ள வேற கலப்பு இருக்கும். இனிமே அது தோல்ல படக் கூடாது, அவ்ளோதான்."

கண்ணகி திரும்பச் சேர்த்துக்கொண்டாள். சொம்பு பூமாலையின் கைக்கு வந்தது, இப்போது முதல் ஆளாகவே வந்தது. பெண்களின் பேச்சு அவளிடம் வரும்போது தாழ்ந்தது. ஆஸ்பத்திரியில் கழற்றச் சொன்னார்கள் என்று அவள் சொல்லத்தான் செய்தாள். எல்லோரும் சரி சரி என்று கேட்டுக்கொண்டார்கள். வடக்கேயிருந்து தகவல் ஏதும் வந்ததா என்று மட்டும் அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. எப்போதும் கேட்டு எரிச்சல்படுத்துகிற கேள்வி அது. அதற்காக அவள் ஏங்கிப்போனாள்.

ஆவணியில் கண்ணகியின் மகள் எழில்மதிக்கு வளைகாப்பு. பூமாலையும் போனாள். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து எழில்மதியின் கன்னத்தில் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, வளையல் போட்டார்கள். கண்ணகி தட்டோடு வரிசையாக வந்தாள். பூமாலை எழுந்து நின்றாள். அவளுடைய நெற்றியில் பொட்டு இருந்தது. கண்ணகியின் கண் அதைப் பார்க்காமல் கழுத்துக்கு இறங்கியது. தட்டு ஒரு கணம் நின்று, பிறகு நகர்ந்தது.

"நீ குந்து பூமால. சாப்டாம போய்டாத."

குரலில் அவ்வளவு பிரியம் இருந்தது. சொம்பு தாண்டிப் போனபோது வலிக்காத ஏதோ ஒன்று இப்போது வலித்தது. அவர்கள் எல்லோரும் கொளஞ்சியப்பனைச் செத்தவனாக எடுத்துப் போட்டுவிட்டார்கள். தாலியைக் கழற்றி அவள்தான் முதலில் கை கொடுத்திருக்கிறாள். புளிச்சோற்றில் கை வைத்தாள். இலையை மூடிவிட்டு எழுந்தாள். அரித்தால் அரிக்கட்டும், ரத்தம் வந்தால் வரட்டும், திரும்ப வாங்கிப் போட்டுக்கொள்வது என்று தீர்மானித்துத்தான் வீட்டுக்கு நடந்தாள்.

இருசம்மாள் வெந்நீர் அடுப்பின் முன்னால் குந்தி, காய்ந்த கரும்புச் சோகையைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"அத்த, தாலியக் குடு. நான் போட்டுக்கறன்."

கிழவி திரும்பினாள். எப்போதும் இறுக்கிச் சுற்றியிருக்கும் முந்தானை புழுக்கத்தில் தளர்ந்து தோளில் கிடந்தது. கழுத்தின் இரண்டு பக்கமும், சுருங்கிய தோலின் மீது, சிவப்பாகத் தடித்து இறங்கியிருந்தது. ஒரு இடத்தில் நீர் கசிந்து காய்ந்திருந்தது.

பூமாலை பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"எப்பத்துலேர்ந்து?"

"இன்னாது?"

"அரிக்கிதா அத்த?"

"சோகத் தூசி."

"நீ கொல்லிக்கே வர்றதில்லியே."

பூமாலை கையை நீட்டினாள். நீட்டிய கையைக் கிழவி பார்த்தாள், அதற்கு மேலே ஆறிப்போயிருந்த கழுத்தைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் சுற்றிக்கொண்டாள். துணிக்கு மேலாகவே தாலியை ஒரு கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் இன்னொரு பிடி சோகையை எடுத்து அடுப்பில் தள்ளினாள். அந்தக் கை அடுப்புக்கும் சோகைக் கட்டுக்குமாகப் போய்வந்துகொண்டிருந்தது, கழுத்தைச் சொறிய ஒருமுறைகூட வரவில்லை.