பன்னிரண்டு மணி நேரம் சாப்பிடாதவர்கள்

பல்கலைக்கழக அறிவிப்புப் பலகையில் நான் ஒட்டிய தாளில் இப்படி எழுதியிருந்தது: "முந்தின நாள் இரவு எட்டு மணியிலிருந்து எதுவும் சாப்பிடாதவர்கள் தேவை. காலை எட்டரை மணிக்கு மூன்றாம் மாடிக்கு வரவும்." கடல் தாண்டி, பெற்றவர்களைப் பிரிந்து, இரண்டு கம்பளிச் சட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு நான் செய்ய வந்த வேலை இதுதானா என்று எனக்கே சிரிப்பு வந்தது.

என் பேராசிரியர் பசியை ஆராய்கிறவர். பசித்தவர்கள் கவனம் சிதறித் தவறு செய்வார்கள் என்று பதினோரு வருஷமாக எழுதி வருகிறார். அதை இன்னொரு முறை சோதித்துப் பார்ப்பதுதான் என் முனைவர் பட்டத்தின் இரண்டாம் அத்தியாயம். பசியோடு இருபது பேர், காலை உணவை முடித்துவிட்டு இருபது பேர். ஒவ்வொருவரும் கணினித் திரைக்கு முன்னால் நாற்பது நிமிஷம் உட்கார வேண்டும். சிவப்பு வட்டம் வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். நீல வட்டம் வந்தால் சும்மா இருக்க வேண்டும். நடுவில் ஐந்து நிமிஷம் இடைவேளை. மாதக் கடைசிக்குள் அந்த அத்தியாயத்தை ஒப்படைத்தால் என் உதவித்தொகை அடுத்த வருஷத்துக்கும் தொடரும். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

இதை அம்மாவுக்குத் தொலைபேசியில் விளக்கியிருக்கக் கூடாது.

"என்னடி சொல்றே? பட்டினியா வரச் சொல்லி உக்கார வெச்சுப் பொம்மை காட்டுவியா?"

"பொம்மை இல்லம்மா, வட்டம்."

"சரி, வட்டம். முடிஞ்சதும் என்ன போடுவே?"

"ஒண்ணும் போட மாட்டோம். நன்றிக் கடிதம் குடுப்போம்."

திரையில் அவள் நெற்றி மட்டும் தெரிந்தது. எப்போது பேசினாலும் அவள் நெற்றியைத்தான் காட்டுவாள்.

"கடிதத்தையா திம்பாங்க? நம்ம வீட்டுக்கு மீட்டர் பாக்க வர்றவர்கூட வெறும் வயித்தோட போனதில்ல. ஞாபகம் வெச்சுக்கோ."

ஞாபகம் வைத்துக்கொண்டதுதான் வினையாகப் போயிற்று.

முதலில் வந்தவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். கதவை நிறைத்துக்கொண்டு உள்ளே வந்தார். இங்கே யாரும் நம் மொழி பேசுவதில்லை. ஆனால் என் காதில் எல்லாம் எப்படி விழுந்ததோ அப்படியே எழுதுகிறேன். முதல் இருபது நிமிஷம் அவர் வயிறு பேசிக்கொண்டே இருந்தது. அவர் அதற்காக அதனிடமே மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். இடைவேளையில் அவர் பார்வை என் பையின் மேல் விழுந்தது. பையிலிருந்து ஒரு பிஸ்கட் பொட்டலம் எட்டிப் பார்த்தது.

"நான் பாக்கலம்மா," என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பொட்டலத்தை நீட்டினேன்.

"சாப்பிடலாமா? ரூல்ஸ்ல இருக்கா?"

"சாப்பாடுதான் கூடாது. இது பிஸ்கட்," என்றேன், முழு நம்பிக்கையோடு.

நான் பொய் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அம்மா விரதம் என்றால் சோறு தொட மாட்டாள். மற்றபடி பழம், பால், பலகாரம் எல்லாம் வரிசையாக உள்ளே போகும். சாயங்காலம் யாராவது கேட்டால், "காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல," என்று உண்மையாகவே களைத்துப்போய்ச் சொல்வாள். அந்த வீட்டில் வளர்ந்தவளுக்குப் பிஸ்கட் கணக்கிலேயே வராது. டிரைவர் ஐந்து பிஸ்கட் தின்றார். அவருடைய தாளில், "சோதனைக்கு முன்போ நடுவிலோ ஏதாவது உண்டாரா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று நான் குறித்தேன்.

அடுத்தவருக்கு இரண்டு பிஸ்கட். அதற்கடுத்தவர் பல் இல்லாதவர், அவருக்கு வாழைப்பழம். மூன்றாம் நாளிலிருந்து பிளாஸ்கில் பால் கொண்டுபோனேன். செய்தி எப்படிப் பரவியதோ, பசிப் பிரிவுக்கு ஆள் குவிந்தார்கள். வயிறு நிறையத் தின்றுவிட்டு வரும் பிரிவுக்குத்தான் ஆள் தேட வேண்டியிருந்தது. அதில் பெயர் கொடுத்திருந்த நூலக ஊழியர் ஒருவர், "என்னையும் பட்டினியில போட்டுடும்மா," என்று கெஞ்சினார்.

நாற்பது பேரும் முடிந்தார்கள். முடிவைக் கணக்குப் போட்டால், சாப்பிட்டு வந்தவர்கள் சராசரி பதினான்கு தவறு. பசித்தவர்கள் ஒன்பதுதான்.

பேராசிரியர் அந்தத் தாளை மூன்று முறை படித்தார். பிறகு சிரித்தார். நான் வந்த இரண்டு வருஷத்தில் அவர் பல்லைப் பார்த்தது அன்றுதான்.

"பதினோரு வருஷமா நான் சொன்னது தப்பு," என்றார், குழந்தை பிறந்த செய்தியைச் சொல்வதைப்போல. "அடுத்த வியாழக்கிழமை பெரிய மண்டபத்துல இதைப் பத்திப் பேசப் போறேன். உன் பேரும் போட்டு போஸ்டர் அடிக்கச் சொல்லிட்டேன். சோதனையை எப்படிச் செஞ்சேன்னு நீ ஒரு பக்கம் எழுதிக் குடு."

எழுதுவதற்காகச் சோதனையின் விதித்தாளை எடுத்து வைத்துக்கொண்டேன். ஏழாவது விதி: "தண்ணீர் தவிர எதுவும் வாய்க்குள் போகக் கூடாது." முன்பே படித்ததுதான். ஆனால் அப்போது படித்தது அம்மாவின் மகள். இப்போதுதான் மாணவி படித்தாள்.

எங்கள் துறையில் நம் ஊர்க்காரர் இன்னொருவர் இருந்தார். ஏழாவது வருஷமாக அதே பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்ததால் எல்லோரும் அவரைத் தாத்தா என்போம். வயது முப்பத்திரண்டு. அவரிடம் ஓடினேன்.

"வாயத் தொறக்காதே," என்றார் தாத்தா.

"இருபது பேர் தின்னிருக்காங்க, தாத்தா."

"தின்னவன் எவனாவது காட்டிக் குடுப்பானா? உன் பிஸ்கட்டைத் தின்னுட்டு உனக்கே துரோகம் பண்ணுவானா? நீ சொன்னா ஊருக்குப் போயிடுவே. சொல்லலைன்னா உன் பேரு போஸ்டர்ல."

"சார் எல்லார் முன்னாடியும் நின்னு பேசுவாரே."

"பேசட்டுமே. சந்தோஷமாத்தானே இருக்கார்?"

அறைக்கு வந்து அம்மாவைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெற்றி சுருங்கியது.

"பசிச்சவங்களுக்குக் குடுத்தது ஒரு தப்பாடி? இது என்ன படிப்பு?"

"குடுத்தது தப்பில்லம்மா. குடுக்கலைன்னு எழுதினேனே, அது தப்பு."

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. அம்மாவும் ஒப்புக்கொண்டாள். "சரி, காலைல குளிச்சிட்டு, சாமி கும்பிட்டுட்டுப் போய்ச் சொல்லிடு," என்றாள். "சொல்றதுக்கு முன்னாடி நீ ஏதாவது சாப்பிடு."

மறுநாள் மூன்று மாடியும் ஏறினேன். உண்மை சொல்லப் போகிறவருக்காகக் கடவுள் படிகளைக் குறைத்துவிடுவதில்லை. ஆனால் கூடவே ஏறி வருகிறார் என்று நம்புகிறேன்; இல்லாவிட்டால் இரண்டாம் மாடியிலேயே திரும்பியிருப்பேன்.

பேராசிரியர் புது டை கட்டிக்கொண்டு, ஜன்னல் கண்ணாடியைப் பார்த்து உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொல்லி முடித்தேன்.

"எத்தனை பிஸ்கட்?" என்று கேட்டார்.

"ஆளுக்கு ரெண்டு, சார். டிரைவருக்கு அஞ்சு. சில பேருக்குப் பழம், பால்."

"ஏன் குடுத்தே?"

"பசியா இருந்தாங்க."

"அதானே சோதனை?"

"ஆமா, சார்."

அவர் உட்கார்ந்தார். டையைக் கழற்றி மேசைமேல் சுருட்டி வைத்தார். கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"ரெண்டு நாளா ரொம்ப சந்தோஷமா இருந்தேன்," என்றார். "நான் சொன்னது தப்பா இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்." பிறகு, "உன்னால இது எனக்குத் தெரிய வந்தது வியாழக்கிழமைக்கு முன்னாடி. அதுக்கு நன்றி. ஒப்படைக்க இன்னும் பத்து நாள் இருக்கு. சாப்பிட்டு வந்தவங்க கணக்கு செல்லும். பசிச்சவங்க இருபது பேரைப் புதுசாக் கொண்டு வா. கடைசி ரெண்டு நாள் எழுதறதுக்கு வேணும். கிடைக்கலைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது," என்றார். போஸ்டரைக் கிழிக்க அவரே எழுந்து போனார்.

எட்டு நாள், இருபது பேர். முதல் முறை ஆறு வாரம் ஆயிற்று, அதுவும் பிஸ்கட்டோடு.

முதல் வேலையாக, வந்துபோன இருபது பேருக்கும் எழுதினேன்: "உங்களைப் பசியோடு இருக்கச் சொன்னேன். பிறகு இருக்க விடவில்லை. நீங்கள் பட்ட சிரமம் என்னால் வீணாயிற்று. இனி எட்டு நாளில் புதிதாக இருபது பேரை வைத்து மறுபடி செய்ய வேண்டும். மன்னியுங்கள்." ஆள் பிடித்துத் தரும்படி யாரையும் கேட்கவில்லை. கேட்க முகமில்லை.

மறுநாள் காலை எட்டேகாலுக்கு டிரைவர் வந்து நின்றார். பின்னால் மூன்று பேர்.

"இவன் என் மச்சான். இவர் டிப்போ மெக்கானிக். இது பக்கத்து வீட்டுக்காரர். மூணு பேரும் ராத்திரியிலேர்ந்து பட்டினி. நானே வீட்டுக்கு வீடு போன் போட்டுக் காவல் காத்தேன்."

நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை நீட்டினார்.

"முதல்ல அந்தப் பையைக் குடு."

"உள்ள ஒண்ணும் இல்லீங்க."

"உன்னை எனக்குத் தெரியும். குடு."

பையை மடியில் வைத்துக்கொண்டு வராந்தா நாற்காலியில் உட்கார்ந்தார். மச்சான் இடைவேளையில் வெளியே வந்து என்னிடம் மெல்ல, "பிஸ்கட் உண்டுன்னாரே?" என்றார்.

"அது போன மாசம்," என்று டிரைவர் பதில் சொன்னார். "உள்ள போ."

விஷயத்தைக் கேள்விப்பட்டு நூலக ஊழியர் தன் தங்கையை அனுப்பினார். பல் இல்லாதவர், தன்னோடு சீட்டாடும் நான்கு பேரை வரிசையாக அழைத்து வந்தார். ஒவ்வொருவரும் வந்து உட்கார்ந்து, வாடி, நீல வட்டத்துக்கெல்லாம் பொத்தானை அழுத்திவிட்டுப் போனார்கள். எட்டு நாளும் டிரைவர் முதல் ஆளுக்கு முன்னால் வந்தார், கடைசி ஆளுக்குப் பின்னால் போனார்.

எட்டாம் நாள் பத்து மணிக்குப் பத்தொன்பது பேர் முடிந்திருந்தார்கள். இருபதாவதாக வரவேண்டியவர், தூக்கக் கலக்கத்தில் ரொட்டியைக் கடித்துவிட்டதாகப் போன் செய்தார். நான் படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். மனசுக்குள் பிரார்த்தனை ஓடியது. வார்த்தை ஒன்றும் சேரவில்லை. டிரைவர் யார் யாருக்கோ போன் போட்டார். பத்தரைக்கு ஒரு பெண் மூச்சிரைக்க ஏறி வந்தார். டிரைவருக்கு முடி வெட்டிவிடுகிறவராம். பல்வலியால் ராத்திரி ஏழு மணியிலிருந்து ஒன்றும் இறங்கவில்லை, இப்போது வலி விட்டுப் பசி கொல்கிறது, கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறேன் என்றார்.

இடைவேளையில் அவர் எதுவும் கேட்கவில்லை. வயிற்றில் கையை அழுத்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். நான் வாழ்க்கையில் செய்த கடினமான வேலை அந்த ஐந்து நிமிஷம் சும்மா இருந்ததுதான்.

"சுவத்தைப் பாத்து நில்லும்மா," என்றார் டிரைவர். நின்றேன்.

முடிந்ததும் அந்தப் பெண் வெளியே வந்து, "நல்லாப் பண்ணினேனா?" என்று கேட்டார்.

முப்பத்தொரு தவறு. "இவ்வளவு நல்லா யாரும் பண்ணலீங்க," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உலகம் பதினோரு வருஷமாக அறிந்திருந்ததையே என் அத்தியாயமும் சொல்லப் போகிறது. அதில் புதுசு ஒன்றுமில்லை. ஆனால் அது உண்மை, நான் பெட்டி கட்ட வேண்டியதுமில்லை.

"வாங்க, கீழ கேன்டீனுக்குப் போகலாம். ரெண்டு பேரும் என்ன சாப்பிடறீங்க?" என்றேன்.

டிரைவர் கைப்பிடியை ஊன்றி எழுந்தார். கொஞ்சம் தள்ளாடினார்.

"எது சீக்கிரம் வருமோ அது," என்றார். "நேத்து ராத்திரி சாப்பிட்டதும்மா. எட்டு நாளா காலைல ஒண்ணும் கிடையாது."

"நீங்க எதுக்குங்க பட்டினி கிடந்தீங்க? நீங்கதான் சோதனையிலயே இல்லையே."

"பட்டினியா உக்காந்திருக்கிறவங்க பக்கத்துல வந்து ஏப்பம் விட்டா நல்லாவா இருக்கும்?"

கேட்டுவிட்டு, என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் படி இறங்கினார்.