எந்த வாயால்

...மகிழ்ந்திருங்கோ எண்டு தொடங்கிறதோ, மகிழுங்கள் எண்டு தொடங்கிறதோ, தொடக்கமே இப்பிடிச் சிக்கினால் நாளைக்குப் பீடத்துக்குப் பக்கத்தில நிண்டு என்னத்தைச் சொல்லிறது, பிரேமிளா தேங்காய்ப் பொச்சைத் தண்ணியில் தோய்த்துக் கோயில் நிலத்தை இன்னும் அழுத்தி உரஞ்சினாள். மழைச் சேறு, எத்தனை பேரின் செருப்பு. நாளைக்குத் திருவருகைக்காலத்து மூன்றாம் ஞாயிறு, மகிழ்ச்சியின் ஞாயிறு. பாதருக்கு வேறு கோயில்களில் பூசை, இங்கே வார்த்தை வழிபாடுதான், பிரசங்கம் நீர் வையும் பிள்ளை எண்டிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போயிட்டார். அச்சில சீமெந்துக் கல் அரிஞ்சு பிழைக்கிறவளைப் பாத்து. ஏன் நான்? ஏனெண்டு உனக்குத் தெரியாதாக்கும், எல்லாம் அந்தக் கிரவலால வந்த வினை...

யேசு பிறக்கிற நத்தாருக்கு முன்னம் கோயில் ஒழுங்கையைத் திருத்த வேணுமெண்டு பெண்கள் எல்லாரும் சேர்ந்து கிரவல் மண் பரப்பின அன்று. தூறல், வழுக்கல், இடுப்பு முறிகிற வேலை, காணும், மிச்சத்தை நாளைக்குப் பாப்பம் எண்டு ஆரோ மண்வெட்டியைப் போட, இவள் வாயிலிருந்து அது பாய்ந்தது. "நாளைக்கா? அவரு இன்னைக்கே வந்துட்டா என்னடி செய்வீங்க? மாதா நெறமாசக்காரி, சேத்துல வழுக்கி விழுந்துறப் போறா, அள்ளிப் போடுங்கடி!" முதலில் ஒரே சிரிப்பு. பிறகு மண்வெட்டிகள்தான் ஓடின, ஒருத்தி கண்ணைத் துடைச்சாள். பாதர் பின்னால் நின்று கேட்டது பிறகுதான் தெரியும், அதையே ஞாயிற்றுக்கிழமை சொல்லும் எண்டார். அதையே எண்டால்? இவளைத் திடுக்கிட வைத்தது சொன்ன விசயமில்லை, சொன்ன வாய். அம்மாவின் வாய். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டின சனத்தின் வாய். "தண்ணி குடுங்க டீச்சர்" எண்டதுக்கு வகுப்பே தோட்டக்காட்டுப் பேச்சு எண்டு சிரிச்ச நாளில் அவள் பூட்டி வைத்த வாய். அதுக்குப் பிறகு தாங்கோ, வாங்கோ, ஓம், எல்லாம் பழகி, யாழ்ப்பாணத்து ஆக்களான நிரஞ்சன் வீட்டுக்கு மருமகளாய்ப் போகுமட்டும் ஒரு பிழை விட்டதில்லை... கலியாணத்தன்று அம்மா வாயே திறக்கவில்லை. கேட்டவைக்கெல்லாம் தலையை ஆட்டினா. மகளின் மானம் போயிடுமெண்டு. பின்னேரம் பஸ் ஏறேக்க காதுக்குள்ள, "இனிப் பேசலாமாடி?" அந்த அம்மா, இன்னும் மாரியாத்தாவை விடாத சிவலட்சுமி, நாளைக்குப் புளியங்குளத்திலிருந்து முதல் பஸ்ஸில வாறா. நீ பேசுறதக் கேக்கணும்டி எண்டா போனில. எந்தப் பேச்சை?

வாளித் தண்ணியை வாசலுக்கு இறைக்க, சுகந்தினி ரீச்சர் குடையை மடக்கிக்கொண்டு ஏறி வந்தா. வாசகங்களை ஒழுங்குபடுத்திறவா, நல்ல மனுசி, அதுதான் கோபிக்கவும் ஏலாமல் கிடக்கு. நாளைக்குக் கொளுத்திற றோஸ் மெழுகுதிரியைத் திருவருகைக்கால வளையத்தில் குத்தி நிமிர்த்திவிட்டு, "என்ன பிரசங்கியார், ஆயத்தமோ?" "ஓம் ரீச்சர்." "வடிவாய்ச் செய்வீர். அண்டைக்குக் கிரவலுக்க நிண்டு கத்தின மாதிரி மட்டும் கத்திப்போடாதையும் பிள்ளை, சனம் பகிடி பண்ணும், பிறகு எனக்குத்தான் உம்மில பாவமாய்க் கிடக்கும்." "ஓம் ரீச்சர்." கன்னத்தில் தட்டிவிட்டுப் போனா. இரண்டாவது ஓம் ஏன் சொன்னனான்? வெறும் வாங்குகளுக்கு முன்னால் நிமிர்ந்து நின்று சொல்லிப் பார்த்தாள், அன்பான சகோதர சகோதரிகளே, ஆண்டவர் வருகிறார், அவருக்கு வழியை ஆயத்தப்படுத்துவோம்... ஒரு பிழையுமில்லை. ஒரு உயிருமில்லை. ஈரத்தில் கிடந்த சீமெந்துப் பை மாதிரி, வெளியில பாத்தால் முழுசு, உள்ளுக்குள்ள கட்டி, ஒரு கல்லும் அரிய ஏலாது. மற்ற வாயைத் திறந்தால்? நிரஞ்சனின் தாய் முன் வாங்கில இருப்பா. சிரிக்கிறவை சிரிக்கட்டும், ஆனால் அம்மா... தன்னாலதான் மகள் அம்பிட்டாளெண்டு அம்மாவே தலையைக் குனிஞ்சிட்டால்?

கேட்டுத்தான் பாப்பமெண்டு ஈர நிலத்தில் முழந்தாளிட்டாள். ஆண்டவரே, எனக்கு ஒண்டும் விளங்கேல்லை, நீங்கள்தான் வழி காட்டித் தாங்கோ... தாங்கோ. இவரிட்டயுமா? கலியாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்த நாள் தொடங்கி, பிள்ளை காய்ச்சலில முனகினபோதும், கல் விழுந்து கால் நசிஞ்சபோதும், எல்லாச் செபமும் தாங்கோதான், அம்மாவின் பேச்சில ஒரு சொல் கேட்டதில்லை. இவருக்கு முன்னாலயும் மானம் பாத்தனான். அப்ப இவ்வளவு காலமும் ஆர் கதைக்கிறதெண்டு நினைச்சுக் கேட்டுக்கொண்டிருந்தவர்? கிரவலுக்க நிண்டு கத்தினபோதுதான் முதல்முதல் என்ர குரலைக் கேட்டவரோ... கூரைத் தகரத்தில் மழை இரைந்தது. கோயிலில் ஒரு குஞ்சு குருமானில்லை. "சாமி," எண்டாள், உதடு மட்டும் அசைய, "எனக்குப் பயமா இருக்குங்க." சொல்லி முடிய முன்னமே அவளுடைய கழுத்து தன்பாட்டில் வாசல் பக்கம் திரும்பிவிட்டது, ரீச்சர் மெய்யாய்ப் போயிட்டாவோ எண்டு பார்க்க.