முதலிடம்: பெஞ்சு

ஒரு புதன்கிழமை விளையாட்டுப் பாடவேளையில், மைதானத்து ஓரத்தில் கிடந்த மரப்பெஞ்சு தன்மேல் உட்கார்ந்திருந்த ஆறு பெண் பிள்ளைகளோடு கிளம்பி, நானூறு மீட்டர் பந்தயத்தில் பையன்களை முந்தி முதலாவதாக வந்தது. அதற்கு முன்பும் அது சும்மா கிடந்ததில்லை. வாரத்துக்கு ஓரடி ஓடுபாதைப் பக்கம் நகரும். காவல்காரர் முனகிக்கொண்டே இழுத்துப் போடுவார். பையன்கள் ஓடும்போது அவர்களுடைய கைக்கடிகாரங்களை மடியில் வைத்துக் காப்பதுதான் பெண் பிள்ளைகளுக்கு விதிக்கப்பட்ட விளையாட்டு. அவர்களில் தையல்காரம்மாவின் மகளுக்கோ ஒரு நிமிடம் கால் தரிக்காது. அவள் குதிகால் தேய்த்துத் தேய்த்தே பெஞ்சுக்கடியில் குழி விழுந்திருந்தது.

விளையாட்டு வாத்தியார் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. பதிவேட்டில் 'முதலிடம்: பெஞ்சு' என்று எழுதினார்.

"எங்க பேரு, சார்?" என்றாள் தையல்காரம்மாவின் மகள்.

"ஓடினது பெஞ்சு. நீங்க உக்காந்துதானே இருந்தீங்க?"

சான்றிதழைப் பெஞ்சின் சாய்மானத்தில் ஆணியடித்தார்கள். அடுத்த மாதம் மற்றப் பள்ளிகளோடு நடக்கும் பந்தயத்துக்கும் பெஞ்சையே அனுப்புவதென்று முடிவாகி, அதற்கு வார்னிஷ் அடித்தார்கள்.

தையல்காரம்மாவின் மகள் இதை வீட்டில் சொன்னபோது அம்மா தலை நிமிரவில்லை. "பொண்ணுன்னா அடக்கமா இருக்கணும். நானும் அதே பெஞ்சுல உக்காந்தவதான்." சொல்லும்போதே அவள் பாதங்கள் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தன, பதினெட்டு வருடமாக எந்த ஊருக்கும் போகாத மிதி. மறுநாள் காலையில் மெஷின் வாசற்படியில் நின்றது. அம்மா உள்ளே இழுத்துப் போட்டாள். அதற்கு மறுநாள் தெருமுனையில் நின்றது. இந்தத் தடவை அம்மா அதை இழுக்கவில்லை. அங்கேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, சீருடையில் மிஞ்சிய நீலத் துணியில் மகளுக்கு ஓடுவதற்கென்று ஒரு கால்சட்டை தைத்தாள். "இடுப்பு லூசா இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

பந்தயத்தன்று பெஞ்சைக் கோட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். அவள் அதன் பக்கத்தில் நின்றாள். "ஏய், போய் உக்காரு!" என்று வாத்தியார் கத்துவதற்குள் விசில் ஊதிவிட்டது. அவள் ஓடினாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மற்ற ஐந்து பேரும் எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினார்கள். உட்கார ஆளில்லாத பெஞ்சு இம்மியும் அசையவில்லை. அவள் ஒன்பது பேரில் நான்காவதாக வந்து, மூச்சு வாங்க, சந்தோஷத்தில் அழுதாள். வேறு வழியில்லாமல் வாத்தியார் அவள் பெயரை எழுதினார்.

இப்போது பெஞ்சு பேசாமல் கிடக்கிறது. பையன்கள் கைக்கடிகாரங்களை அதன்மேல் கழற்றி வைக்கிறார்கள். தையல் மெஷின்தான் புதன்கிழமைதோறும் மைதானத்து வேலி வரை போய்விடுகிறது. துணி தைக்கக் கொடுத்தவர்கள் அன்று அங்கேயே வந்து வாங்கிக்கொள்கிறார்கள்.