முதல் வாய்த் தண்ணீர்

அழுத்தியதும் கைப்பிடி எதிர்ப்பே இல்லாமல் கீழே போனது. எனலேசி மறுபடி தூக்கி அழுத்தினாள். கனமே இல்லை. நல்ல பம்பு என்றால் கைப்பிடி கனக்க வேண்டும். அந்தக் கனம்தான் தண்ணீர். பூமிக்கடியில் குழாய்க்குள் கம்பியின் நுனியில் ஒரு சின்ன உருளை இருக்கிறது. அதன் இடுப்பில் ரப்பர் வளையம். வளையம் குழாயின் சுவரை ஒட்டியபடி மேலே வரும்போது தண்ணீரையும் தூக்கிக்கொண்டு வரும். அது கிழிந்துவிட்டால் தண்ணீர் ஓரமாக நழுவி வந்த வழியே போய்விடும். கம்பி மட்டும் வெறுமனே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

"வளையம்தான் போயிருக்கு. மாத்திடலாம்," என்றாள்.

 சுற்றி நின்ற பெண்களின் பார்வை அவளைத் தாண்டி எதிர்வீட்டு மாமரத்தடிக்குப் போனது. அங்கே நாற்காலியில் ஊர்ப் பெரியவர் கச்சாலே உட்கார்ந்திருந்தார். 

ம்தோண்டோ ஊருக்குள் எனலேசி வருவது, சிறுமியாக இங்கிருந்து ஓடிய பிறகு இதுதான் முதல் தடவை. அந்த வருடம் கச்சாலேயின் மூத்த பையன் காய்ச்சலில் செத்தான். அவளுடைய அம்மா சூனியம் வைத்ததால்தான் செத்தான் என்று அவர் சொன்னார். அன்று மாலையே எனலேசியின் வீட்டுக் கூரையில் தீ. அம்மா பாயைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு, பக்கத்து ஊரான கலேம்பாவில் இருந்த மாமா வீட்டுக்கு நடந்தாள். சாகும்வரை ம்தோண்டோ இருக்கும் திசைக்கு முகம் கொடுத்து உட்காரவில்லை. "அந்த ஊர்ல தண்ணி கூட வாங்கிக் குடிக்காத," என்பாள்.

வியாழக்கிழமை மட்டும் எனலேசிக்கு வேறு சீட்டு வந்திருந்தால் அவள் வந்திருக்கவே மாட்டாள். கலேம்பா சபையின் பெண்கள் குழுவில் ஒரு வழக்கம். கூடையிலிருந்து ஆளுக்கொரு பைபிள் வசனச் சீட்டு எடுக்க வேண்டும். அடுத்த வியாழன் வசனத்தை ஒப்பிக்கத் தேவையில்லை. அதை வைத்து என்ன செய்தாய் என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும். எனலேசிக்கு வந்தது எதிரிக்குத் தாகமெடுத்தால் குடிக்கக் கொடு என்று பவுல் எழுதியது. அதைப் படித்ததும் அவள் பக்கத்திலிருந்த லிக்னெட்டியின் கையைப் பிடித்தாள்.

"மாத்திக்கலாமாடி?"

"எனக்கு ஓயாம ஜெபம் பண்ணணும்னு வந்திருக்கு. என் புருஷன் சம்பளத்தோட கள்ளுக்கடையத் தாண்டி வர்ற அன்னிக்கு அது தானா நடந்துடும். நான் ஏன் மாத்திக்கணும்?"

ம்தோண்டோ பம்பு கெட்டுப்போய், அந்த ஊர்ப் பெண்கள் ஆற்று மணலைத் தோண்டி ஊறும் கலங்கல் தண்ணீரைக் குடத்தில் சுமந்துகொண்டு அவள் வாசல் வழியாகத்தான் போய்வந்தார்கள். அங்கே பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு என்றும் கேள்விப்பட்டாள். தண்ணீர் இலாகாக்காரர்கள் பழக்கிவிட்டதில் இந்தப் பக்கத்தில் பம்பு வேலை தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவளிடம் ஸ்பேனரும் இருந்தது, வளையமும் இருந்தது. வசனமோ சட்டைப்பைக்குள் கிடந்து உறுத்தியது. அதைவிட அதிகம் உறுத்தியது அதன் பின்பாதி. அப்படிச் செய்தால் எதிரியின் தலையில் நெருப்புத் தணலைக் குவிப்பாயாம். கூரை எரிந்ததைப் பார்த்தவள் அவள். தண்ணீர் கொடுக்கப் போகிறேனா, தணல் கொட்டப் போகிறேனா? வழி நெடுக இதையே கேட்டுக்கொண்டு வந்தாள். 

இப்போது கைகள் தாமாக வேலை செய்தன. இந்தப் பம்புக்கு ஒரே ஸ்பேனர் போதும். மூடியைத் திறந்து, கைப்பிடியைக் கழற்றி, கம்பிகளை ஒவ்வொன்றாக மேலே இழுத்தாள். ஒன்றின் கொக்கியில் மற்றொன்று மாட்டியிருக்கும், சாய்த்தால் கழன்றுகொள்ளும். கடைசியில் உருளை வந்தது. வளையம் நைந்து தொங்கியது. புதியதை விரலால் விரித்து மாட்டி, கம்பிகளை வந்த வரிசையிலேயே இறக்கினாள். கைப்பிடியை அழுத்தினாள். முதலில் வெற்று ஆட்டம்தான். பிறகு உள்ளே ஏதோ பிடித்துக்கொண்டதுபோல் ஒரு கனம். அழுத்த அழுத்தக் கனம் ஏறியது. பம்பு வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. குடங்கள் முன்னால் வந்தன.

"இருங்க, இன்னும் முடியல."

தவறு அங்கேதான் நடந்தது. கலேம்பாவில் பழகிப்போன கை, யோசிக்காமல் பையிலிருந்த குளோரின் பொட்டலத்தைப் பிரித்தது. வெள்ளைப் பொடியை வாளித் தண்ணீரில் கரைத்தாள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் அதைக் குழாய்க்குள் ஊற்றினாள். பிறகு பம்பு வாயில் மருந்து வாசம் வரும்வரை அடித்தாள். நிமிர்ந்தபோது பெண்கள் பின்னால் நகர்ந்திருந்தார்கள். கச்சாலே நாற்காலியை விட்டு எழுந்திருந்தார்.

"வெள்ளையா ஊத்தினியே, அது என்ன?"

"மருந்து, ஐயா. கம்பியெல்லாம் தரையில கிடந்துச்சில்ல? அந்த அழுக்குல இருக்கற கிருமிய இது கொல்லும்."

"கொல்லும்."

"கிருமிய, ஐயா. இன்னிக்கு மட்டும் யாரும் குடிக்க வேணாம். காலைல வாசம் போற வரைக்கும் அடிச்சு வெளிய விட்டுட்டு…"

"கொடுக்கறவங்கதான் முதல் வாய் குடிக்கணும். கள்ளா இருந்தாலும் அப்படித்தான், கஞ்சியா இருந்தாலும் அப்படித்தான். ஒங்கம்மா இத ஒனக்குச் சொல்லித் தரலையா?"

அம்மாவின் பேச்சு அந்த வாயில் வந்ததும் அவள் கைப்பிடியை இறுகப் பிடித்தாள். குடிக்கலாம். ஒரு வாயில் உயிர் போகாது. ஆனால் இவ்வளவு கெட்டியாகக் கரைத்ததைக் குடித்தால் குமட்டும். அவள் இங்கே வாந்தியெடுத்தால் போதும், கதை முடிந்தது. குடித்தும் ஒன்றும் ஆகவில்லை என்றால் எல்லோரும் இப்போதே குடத்தை நீட்டுவார்கள். ஏற்கனவே வயிறு கெட்டிருக்கும் பிள்ளைகளுக்கு இந்தத் தண்ணீரா? நாளைக்கு அதில் ஒன்று செத்தால், சூனியக்காரியின் மகள் வந்து போன கதையாக அது நிற்கும். கலேம்பாவில் அவள் வீட்டுக்கும் புல் கூரைதான், அதுவும் எரியும்.

"காலைல முதல் வாய் நான்தான் குடிப்பேன்," என்றாள்.  "அதுவரைக்கும் இங்கயே உக்காந்திருக்கேன். எங்கயும் ஓட மாட்டேன்."

"ராத்திரி பூரா எங்க பம்புப் பக்கத்துல நீயா?" என்றார் கச்சாலே. "இது இன்னும் நல்லாயிருக்கு."

யாரோ சிரித்தார்கள். எனலேசி கைப்பிடியைக் கயிற்றால் கட்டினாள்.  பிறகு பம்புத் திண்டில் உட்கார்ந்தாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

வெயில் சாயத் தொடங்கியது. பெண்கள் கலையாமல் தள்ளி நின்றார்கள். கச்சாலேயின் மனைவி நாபன்டா வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். முதுகில் துணியால் கட்டிய கைக்குழந்தை. அதன் தலை ஒரு பக்கம் தொங்கியிருந்தது, உதடு வெடித்திருந்தது. கையில் தட்டு, அதில் ன்சிமா என்னும் சோளக்களியும் பூசணிக்கீரையும்.

"ஏய், உள்ள போ," என்றார் கச்சாலே.

"அடுப்புல வச்ச சட்டிய எறக்கியாச்சு. வந்தவளுக்குக் குடுக்காம அதை உள்ள வச்சு நான் என்ன பண்ண?" அவரைப் பார்க்காமலே சொன்னாள். எனலேசியின் முன்னால் முட்டிபோட்டாள். ன்சிமாவில் ஒரு விள்ளல் கிள்ளி, உருட்டி, கீரையில் தொட்டு, எல்லோரும் பார்க்கத் தன் வாயில் போட்டு மென்று விழுங்கினாள். பிறகு தட்டை நகர்த்தினாள்.

"சாப்பிடும்மா."

"எனக்குப் பசியில்ல அக்கா."

"நான் முதல் வாய் சாப்பிட்டாச்சு." நாபன்டா குரலைத் தாழ்த்தினாள். "புள்ள கண்ணத் தொறக்க மாட்டேங்குது. காலைல நல்ல தண்ணி வருமில்ல? நிஜமா?"

"வரும் அக்கா."

எனலேசி ஒரு விள்ளல் எடுத்து உருட்டினாள். சூடு விரலைச் சுட்டது. தாகமெடுத்தால் கொடுக்கச் சொன்ன வசனம், அவர்கள் கொடுப்பதை வாங்கிக்கொள்வது பற்றி எதுவும் சொல்லவில்லை. அம்மா சொல்லியிருந்தாள். உருண்டை கையிலேயே இருந்தது.

அப்போது மாமரத்தடியிலிருந்து ஒரு கோழி இறங்கி வந்தது. பம்பு வாயின் கீழே, மருந்துத் தண்ணீர் தேங்கிய குழியருகே நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தது. ஒரு பெண் விரட்டக் கையைத் தூக்கினாள். கச்சாலே வேண்டாம், அதுவே முதல் வாய் குடிக்கட்டும் என்று சைகை காட்டினார். கோழி அலகை நனைத்தது. கழுத்தை நீட்டி, வானத்தைப் பார்த்து, விழுங்கியது. ஊரே அதைப் பார்த்துக்கொண்டு நின்றது. கோழி சுருண்டு விழுந்தால் தன் கதை முடிந்தது என்று தெரிந்து, கையில் உருண்டையோடு எனலேசியும் பார்த்தாள். கோழி மறுபடி குனிந்தது.